பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்குத் தன்னார்வலர்கள் எந்த அளவுக்குத் துணை நிற்கலாம்? (பென்னாகரம், ஏரியூர் ஒன்றியங்கள்)

ஏரியூர் வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம், ஏரியூர் ஒன்றியங்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலரும், இல்லம் தேடிக் கல்வி (பள்ளி நேரத்துக்குப் பின் தன்னார்வலர்கள் பாடம் நடத்தும் அரசுத் திட்டம்) மையங்களை நடத்திய பெண்கள் சிலரும் சேர்ந்து, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளின் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்குத் துணையாக இருக்கலாம் என்று பேசி வருகிறோம். குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பையே 22-ஆம் பிரிவு அந்தக் குழுவிடம் ஒப்படைக்கிறது. 2022-இல் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டபோது தாய்மார்கள் தலைவர்களாக வந்தார்கள். 2024 ஆகஸ்டில் உறுப்பினர் எண்ணிக்கை 20-இலிருந்து 24 ஆக உயர்ந்து, முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். ஏட்டளவில் ஒரு குறையும் இல்லை.

நேரில் காண்பது வேறாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர்தான். தலைமையாசிரியர் எழுதி வைத்திருக்கும் தீர்மானத்தை வாசிக்கிறார். பதிவேடு கை மாறுகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். வராதவர்களின் வீட்டுக்குப் பிள்ளைகளிடமே பதிவேட்டைக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்குவதையும் பார்த்திருக்கிறேன். செங்கல் சூளைக்கோ பெங்களூருக் கட்டட வேலைக்கோ மாதக்கணக்கில் போய்விடுகிறவர்களும் குழுவில் இருக்கிறார்கள். நாங்கள் போய் உட்கார்ந்தால், தலைமையாசிரியர் எங்களை ஆய்வுக்கு வந்தவர்களாக நினைத்து இறுக்கமாகிவிடுகிறார். உறுப்பினர்களோ, "நீங்களே பேசிடுங்க சார்" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். இரண்டுமே நாங்கள் விரும்பாதவை. இதில் அனுபவமுள்ளவர்கள், எங்கிருந்து தொடங்குவது, எதில் தலையிடாமல் இருப்பது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

அரூர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:

ஐயா, வணக்கம். முதலில் தலைமையாசிரியர் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போய்விட்டால், ஐந்து வகுப்புகளையும் ஒருவர் பார்த்துக்கொண்டு, அதே பிற்பகலில் கூட்டத்தையும் நடத்தி, தீர்மானத்தைச் செயலியில் பதிவேற்றவும் வேண்டும். அவர் தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி வைப்பதில் உள்நோக்கம் எதுவும் இருப்பதில்லை. நேரம் இல்லை, அவ்வளவுதான். ஆகவே நீங்கள் கூட்டத்துக்குள் போய் உட்காருவதை விட்டுவிடுங்கள். வட்டாரக் கல்வி அலுவலரிடமும் வட்டார வளமையத்திலும் (ஒன்றிய அளவில் பள்ளிகளுக்குப் பயிற்சியும் துணையும் தரும் கல்வித் துறை மையம்) உங்கள் நோக்கத்தைச் சொல்லி ஒப்புதல் பெற்றுக்கொண்டு, கூட்டத்துக்கு முந்தைய நாள்களில் குழுத் தலைவரின் வீட்டுக்குப் போங்கள். உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது.

எந்தத் தேவைக்கு எந்த அலுவலகம் என்பது உறுப்பினர்களுக்குத் தெரிவதில்லை. படித்தவர்களுக்கும் தெரிவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் போக வேண்டும். கூரை ஒழுகினால் அந்தக் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துக்கு உரியது என்பதால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போக வேண்டும். குடிநீர் இணைப்பென்றால் ஊராட்சி. மூன்றையும் ஒரே தீர்மானத்தில் கோத்து, "ஆவன செய்ய வேண்டப்படுகிறது" என்று முடித்தால், ஒவ்வோர் அலுவலகமும் அது மற்றவருடைய வேலை என்று ஒதுக்கிவிடும்.

"கழிப்பறை வசதி செய்து தர வேண்டும்" என்ற ஒற்றை வரியை மாதந்தோறும் அப்படியே எழுதி வந்த பதிவேடுகளைக் கண்டிருக்கிறேன். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "மாணவியர் கழிப்பறை இரண்டில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, மற்றொன்றில் தண்ணீர்க் குழாய் உடைந்துள்ளது. 41 மாணவியர் பயன்படுத்துகின்றனர். தாழ்ப்பாளைப் பள்ளி மானியத்திலிருந்து சரிசெய்ய இக்குழு ஒப்புதல் அளிக்கிறது. குழாய் இணைப்புக்குக் குழுத் தலைவர் ஊராட்சியில் மனு அளித்து, அடுத்த கூட்டத்தில் விவரம் தெரிவிப்பார்." இதைப் படிக்கிற அலுவலருக்குத் திருப்பி அனுப்பக் காரணம் கிடைக்காது. இப்படி எழுதக் கற்றுக்கொடுங்கள். நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

கெலமங்கலம் முன்னாள் குழுத் தலைவர்:

ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரியே. ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நேரமின்மை ஒன்றே காரணம் என்றால், எங்களிடம் பதிவேட்டை வாசித்துக் காட்டக்கூட ஐந்து நிமிடம் கிடைக்காதா? நான் தலைவராக இருந்த பள்ளிக்கு மானியம் வருகிறது என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. மாணவர் எண்ணிக்கை 30 வரை இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை என்றால் 25,000, 250 வரை என்றால் 50,000 என்ற கணக்கை, இல்லம் தேடிக் கல்வியில் பாடம் நடத்திய எங்கள் ஊர்ப் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு உரியது என்பதையும் அவளே சொன்னாள். அடுத்த கூட்டத்தில் நான் கேட்டது ஒரே கேள்விதான்: இந்த ஆண்டு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று? தலைமையாசிரியர் முகம் சுளித்தார், ஆனால் கணக்கைக் காட்டினார். அதன்பிறகு மற்ற உறுப்பினர்களும் வாய் திறந்தார்கள்.

கூட்ட நேரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. நூறு நாள் வேலையில் காலையும் பிற்பகலும் படம் எடுத்து வருகை பதிகிறார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். பெண்கள் வரவில்லை என்று குறைப்படுவதற்கு முன்னால், பணித்தளப் பொறுப்பாளரிடமும் ஊராட்சிச் செயலரிடமும் பேசி, அன்று ஒரு நாள் பள்ளிக்கு அருகிலேயே வேலை ஒதுக்கச் சொல்லலாம். தன்னார்வலர் செய்யக்கூடிய பேச்சு இது. குழுத் தலைவராக இருந்தாலும் கூலிக்குப் போகிற பெண்ணால் இதைக் கேட்க முடியாது.

எங்கள் பக்கத்தில் மொழிச் சிக்கலும் உண்டு. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிற தாய்மார்கள் தமிழைப் புரிந்துகொள்வார்கள். ஆனால் அலுவலகத் தமிழில் எழுதிய தீர்மானத்தை வாசித்தால் தலையை மட்டும் ஆட்டுவார்கள். அவர்களுடைய பேச்சில் விளக்கத் தெரிந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி போதும். மாவட்டத் தலைநகரிலிருந்து பயிற்சி கொடுக்க வரும் கருத்தாளர் தேவையில்லை. மனு கொடுக்கப் போகும்போது முதல் முறை உடன் வாருங்கள், ஆனால் அலுவலகத்துக்கு வெளியிலேயே நில்லுங்கள்.

வேப்பனப்பள்ளியில் பிறந்தவர்:

நான் இப்போது இங்கிலாந்தில் வசிக்கிறேன்; இங்கே ஒரு கிராமப்புறப் பள்ளியின் ஆளுகைக் குழுவில் ஊதியமில்லாத உறுப்பினராக இருக்கிறேன். வசதிகளை ஒப்பிடுவது பொருத்தமாகாது என்பதால் ஒரே ஒரு நடைமுறையை மட்டும் சொல்கிறேன். இங்கு அரசு பராமரிக்கும் பள்ளியின் ஆளுகைக் குழுவுக்குக் குறிப்பெழுதும் எழுத்தர் ஒருவரை அமர்த்தியே ஆக வேண்டும். தலைமையாசிரியரோ குழு உறுப்பினரோ அந்தப் பொறுப்பில் இருக்க முடியாது. கூட்டப் பொருளை முன்கூட்டியே அனுப்புவது, சென்ற கூட்டத்தில் ஒப்புக்கொண்ட வேலை முடிந்ததா என்று கேட்பது, விதி என்ன சொல்கிறது என்று எடுத்துக் காட்டுவது ஆகியவை அவருடைய வேலை. அவருக்கு வாக்குரிமை கிடையாது. பேசுகிறவரும் எழுதுகிறவரும் வெவ்வேறு ஆள்களாக இருப்பதே பாதிச் சண்டையைத் தவிர்த்துவிடுகிறது.

அரூர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:

கெலமங்கலம் அம்மா சொன்ன மானியக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். கேட்க வேண்டிய கேள்விதான் அது. எழுத்தரைப் பற்றி: நம் குழுக்களில் தலைமையாசிரியரே கூட்டுநர் என்பதால், பதிவேடு அவர் பொறுப்பில்தான் இருக்கும். அதை மாற்றக் கேட்டால் வீண் மனக்கசப்புதான் மிஞ்சும். ஆனால் குழுவில் புதிதாகச் சேர்ந்த முன்னாள் மாணவர்களில் ஒருவர் கூட்டத்தின்போது வரைவை எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்த பிறகு, தலைமையாசிரியர் அதைப் பதிவேட்டில் ஏற்றலாம். எந்த விதியும் இதைத் தடுக்கவில்லை. அவருக்கும் ஒரு சுமை குறையும். உங்கள் தன்னார்வலர்கள் பயிற்சி கொடுக்க வேண்டியது முதலில் இந்த இளைஞர்களுக்குத்தான்.

ஏரியூர் வாசி:

அனைவருக்கும் நன்றி. முன்னாள் மாணவர்களைப் பற்றி நாங்கள் யோசித்திருக்கவே இல்லை. இன்னும் ஒரு சந்தேகம். இரண்டு ஒன்றியங்களிலும் மலையோரக் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன; பேருந்து ஒன்றைத் தவறவிட்டால் அரை நாள் போய்விடும். எல்லாப் பள்ளிகளையும் எடுத்துக்கொள்வதா, சிலவற்றோடு நிறுத்துவதா?

கெலமங்கலம் முன்னாள் குழுத் தலைவர்:

சிலவற்றோடு நிறுத்துங்கள் ஐயா. வாட்ஸ்அப் குழு தொடங்கி ஒன்றியம் முழுவதையும் சேர்த்துவிட்டால் காலை வணக்கப் படங்கள்தான் வரும். எழுதப் படிக்கத் தயங்குகிற தாய்மார்கள் அதில் ஒரு சொல்லும் எழுத மாட்டார்கள். ஒரு தன்னார்வலர் தன் ஊரிலிருந்து வண்டியிலோ நடந்தோ போகக்கூடிய இரண்டு மூன்று பள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். தொலைவு அதிகமான குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து உதவியோ, வழிக்காவலர் (பிள்ளைகளைப் பள்ளிக்குத் துணையாக அழைத்து வருபவர்) உதவியோ கேட்க வழியிருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைத் தயாரிப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தாய்மார்களுக்குத் தங்கள் பிள்ளை எவ்வளவு தூரம் நடக்கிறது என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும், அதைப் பேச அவர்கள் தயங்க மாட்டார்கள்.

அரூர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:

கிராம சபையையும் விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களிலும் சபை கூடுகிறது. அதற்கு முந்தைய மாதக் கூட்டத்திலேயே, ஊராட்சி செய்ய வேண்டிய பணியைத் தனித் தீர்மானமாகப் பிரித்து எழுதி, நகலைக் குழுத் தலைவர் கையில் கொடுத்து வையுங்கள். சபையில் அதை அவரே வாசிக்கட்டும். ஊராட்சியின் தீர்மானப் பதிவேட்டில் ஏறிவிட்டதா என்பதைக் கூட்டம் கலைவதற்குள் பார்த்துவிடச் சொல்லுங்கள்.