அயோவாப் பண்ணை மனைவியின் உழைப்பு: கூட்டு வாழ்வா, பதிவில்லாச் சுரண்டலா?

(வரப்பு, தறியகம், மேழி, கணக்கேடு என்பவை இவ்விவாதத்தில் பேசுவோரின் பெயர்கள்.)

வரப்பு:

அமெரிக்காவின் அயோவா மாநிலத்து வடமேற்குப் பகுதியில் எங்களுக்கு அண்டைப் பண்ணையில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர் 2019இல் தமது 97ஆம் வயதில் காலமானார். ஒற்றை அறைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். 1941இல் மணமுடித்து, ஆறு பிள்ளைகளை வளர்த்து, 1974இல் கணவரை இழந்து, அதன் பின்னும் 45 ஆண்டுகள் அதே வீட்டில் இருந்தவர். உள்ளூர் வார இதழில் வந்த இரங்கல் குறிப்பு, அவருடைய திருமுழுக்கு, திருமணம், லூத்தரன் தேவாலயத்துப் பெண்கள் சங்கம், ருபார்ப் தண்டு வைத்து அவர் சுட்ட இனிப்புப் பணியாரம், பேரப்பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு முடிந்துவிட்டது. 240 ஏக்கர் நிலத்தையும் பன்றிகளையும் கறவை மாடுகளையும் அவர் கணவரோடு சேர்ந்து நடத்தினார் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

அமெரிக்க மத்திய மேற்கின் குடும்பப் பண்ணை, மனைவியின் உழைப்பைக் கூலியின்றியும் பதிவின்றியும் பெற்றுக்கொண்டுதான் நிலைத்தது என்பது என் கருத்து. அமெரிக்க வேளாண்மைத் துறை 1920இல் வடக்கு, மேற்கு மாநிலங்களைச் சேர்ந்த 10,000க்கும் மேற்பட்ட பண்ணைப் பெண்களிடம் விசாரித்தபோது, அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 11 மணி நேரத்துக்கும் மேல், கோடையில் 13 மணி நேரம், உழைத்தது தெரியவந்தது. பெரும்பாலோர் வீட்டுக்குத் தேவையான தண்ணீரைக் கையால் சுமந்தார்கள். கதிரடிப்புக் காலத்தில், சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்து வந்து வேலை செய்த ஆண்கள் அனைவருக்கும் பகலுணவும் இடைவேளைச் சிற்றுணவும் சமைத்தது யார்? 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின் கடுமையான ஆண்டுகளில் ஒரு புஷல் (தானிய அளவை) மக்காச்சோளம் ஏறக்குறைய 10 சென்ட்டுக்கு விழுந்து, நிலக்கரி வாங்குவதைவிடச் சோளத்தையே அடுப்பில் எரிப்பது மலிவு என்ற நிலை வந்தபோது, முட்டையும் பாலாடையும் விற்று மளிகைச் செலவைத் தாங்கியது யார்? இத்தனைக்கும் பிறகு, கணவர் இறந்ததும், அந்த நிலத்தில் தமக்கும் பங்கு உண்டு என்பதை மனைவியே நிரூபிக்க வேண்டுமென்று, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கு வரி விதித்த அன்றைய சட்டம் கேட்டது.

தறியகம்:

மதிப்புக்குரிய வரப்பு அவர்களே, நீங்கள் சொல்லும் உழைப்பில் எனக்கு ஐயமில்லை. அதைச் சுரண்டல் என்று அழைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பண்ணையில் கணவரும் கூலி வாங்கவில்லை. சோளம் 10 சென்ட்டுக்கு விற்ற ஆண்டில் அவருடைய ஓராண்டு உழைப்புக்கும் மிஞ்சியது ஒன்றுமில்லை. வருவதும் போவதும் ஒரே குடும்பக் கணக்கில் நடந்த தொழிலில், ஒருவருடைய பங்கை மட்டும் தனியே பிரித்தெடுத்து அதற்குக் கூலி எங்கே என்று கேட்பது, அவர்கள் வாழ்ந்த வாழ்வை நம்முடைய அலுவலகச் சம்பளக் கணக்கால் அளப்பதாகும்.

மேலும், முட்டைப் பணம் வெறும் மளிகைப் பணமாக மட்டும் இருக்கவில்லை. கோழிகள் பெரும்பாலும் மனைவியின் பொறுப்பிலேயே இருந்தன; எந்த இனக் குஞ்சு வாங்குவது, எந்தத் தீவனம் போடுவது, சனிக்கிழமை நகரத்துக்குப் போகும்போது எத்தனை டஜன் விற்பது என்பதெல்லாம் அவர் முடிவு. தீவனம் பூப்போட்ட பருத்திச் சாக்குகளில் வந்த காலத்தில், மகள்களின் சட்டைக்குப் பொருந்தும் துணி எந்தச் சாக்கில் இருக்கிறதென்று பார்த்து வாங்கியவரும் அவரே. 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லெவர் சட்டத்தால் உருவான, பல்கலைக்கழக அறிவைப் பண்ணைகளுக்குக் கொண்டுசெல்லும் விரிவாக்கப் பணியில், மாவட்டந்தோறும் மனையியல் ஆலோசகர்கள் பெண்களைக் கூட்டிப் பயிற்சி அளித்தார்கள். அயோவாவின் ஷெனான்டோவா என்ற சிறு நகரத்தின் வானொலி நிலையங்கள் 1920களிலிருந்தே அவர்களுக்கென்று நிகழ்ச்சி நடத்தின. ஒரு மாநிலத்தின் பல்கலைக்கழகமும் வானொலியும் தேடி வந்து பேசிய பெண்களைக் குரலற்றவர்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்?

மேழி:

இருவரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன்: இந்த வாழ்வு முழுவதும் ஒரே நிலையில் இருக்கவில்லை. 1941இல் மணமான பெண்ணுக்கு 1950இல் இருந்த அதிகாரம் 1970இல் இல்லை.

மின்சாரத்திலிருந்து தொடங்குவோம். 1935இல் அதிபர் ரூஸ்வெல்ட் ஊரக மின்மயமாக்கல் நிறுவனத்தை ஏற்படுத்தியபோது, நாட்டின் பண்ணைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. தனியார் நிறுவனங்கள் வீடுகள் சிதறிக் கிடக்கும் நாட்டுப்புறத்துக்குக் கம்பி இழுப்பதில் இலாபமில்லை என்று ஒதுங்கியதால், உழவர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அரசுக் கடன் பெற்று, கம்பங்களை நட்டார்கள். அதன் பின் குழாயில் தண்ணீர் வந்தது, துணி துவைக்கும் எந்திரம் வந்தது, இரும்பு அடுப்பில் சூடாக்கிய இஸ்திரிப் பெட்டி போனது. திங்கட்கிழமைதோறும் முதுகை ஒடித்த துவைப்பு வேலை இலேசானது உண்மை. ஆனால் வேலை நேரம் அதே அளவு குறைந்ததா என்றால், இல்லை. வாரம் ஒருமுறை துவைத்த வீட்டில் இரண்டு மூன்று முறை துவைக்கத் தொடங்கினார்கள். உறைபதனப் பெட்டி வந்ததும், தோட்டத்து விளைச்சலைக் கண்ணாடிச் சாடிகளில் அடைத்தது போதாதென்று உறையவைத்தும் சேமித்தார்கள்.

அதே காலத்தில் அவர்களுடைய வருமானம் கையைவிட்டுப் போனது. போருக்குப் பின் கோழி வளர்ப்பு பெருங்கொட்டகைகளுக்கும் ஒப்பந்த நிறுவனங்களுக்கும் மாறியது. பண்ணையிலேயே பாலாடை பிரித்து நகரத்துக் கொள்முதல் நிலையத்தில் விற்கும் வழக்கமும் மறைந்தது. இன்று அமெரிக்காவில் முட்டை உற்பத்தியில் முதலிடம் வகிப்பது அயோவாதான். ஆனால் அந்த முட்டையில் பண்ணை மனைவியின் கைப்பணம் இல்லை. கோழிகள் போன பின், பலர் நகரத்துப் பள்ளிச் சமையலறையிலும் மருத்துவமனையிலும் வேலைக்குச் சென்று, அந்தச் சம்பளத்தைப் பண்ணைக் கடனுக்குக் கட்டினார்கள். ஆகவே தறியகம் அவர்கள் காட்டும் கூட்டுரிமை உண்மையிலேயே இருந்தது. அதைப் பறித்தது கணவரல்ல, சந்தை.

தறியகம்:

மேழி அவர்கள் சொன்னது என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. பறித்தது சந்தையென்றால், குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது ஏன்? வரி பற்றி வரப்பு அவர்கள் எழுதியதும் முழுமையானதல்ல. இணைப்புரிமையில், அதாவது இருவர் பெயரிலும் சேர்த்து, நிலம் வைத்திருந்த தம்பதியருள் யார் முதலில் இறந்தாலும், எஞ்சியவரே தம் பங்களிப்பைக் காட்ட வேண்டும் என்பதே சட்டம். அது பெண்ணென்று சொல்லவில்லை. தவிர, 1948 முதல் துணைவருக்குச் செல்லும் சொத்துக்குப் பாதி வரை கழிவும் இருந்தது.

கணக்கேடு:

வரிக் கணக்குத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதை விரித்துச் சொல்ல வேண்டும்; ஏனென்றால் இந்த விவாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

சட்டத்தின் எழுத்தில் ஆண், பெண் இல்லை என்பது சரி. ஆனால் பங்களிப்பு என்பதைச் சட்டம் பணமாகவோ பண மதிப்பாகவோ எதிர்பார்த்தது. சோளமும் பன்றியும் விற்ற காசோலைகள் கணவர் பெயரில் வந்தன. வங்கிக் கடன் அவர் பெயரில் இருந்தது. மனைவி முதலில் இறந்தால் கணவர் அந்தத் தாள்களை எடுத்து வைத்துவிடுவார். கணவர் முதலில் இறந்தால், முட்டைப் பணம் மளிகைக் கடையிலும் செருப்புக் கடையிலும் கரைந்துபோயிருக்கும். அதற்கு இரசீது இல்லை. கணவரின் வருவாய் நிலத்துக்குச் செல்ல முடிந்ததே மனைவியின் வருவாய் வீட்டைத் தாங்கியதால்தான் என்ற எளிய உண்மையை ஏற்பதற்கு அந்த விதியில் இடமில்லை. எனவே முழு நிலமும் இறந்தவருடைய சொத்தாகக் கணக்கிடப்பட்டது. இதைத்தான் அங்கே கைம்பெண் வரி என்றார்கள்.

பாதிக் கழிவு இருந்ததால் சிறு பண்ணைகள் நெடுங்காலம் தப்பின என்பதும் உண்மை. ஆனால் வரி விலக்குத் தொகை 1942இல் 60,000 டாலர் என்று நிர்ணயிக்கப்பட்டு 1976 வரை அப்படியே இருந்தது. 1970களின் தொடக்கத்தில் தானிய விலையோடு நில விலையும் ஏறத் தொடங்கியதும், கையில் ரொக்கமில்லாத பண்ணைகள்கூடத் தாளில் செல்வச் சொத்துகளாகிவிட்டன. 1974இல் கைம்பெண்ணானவர் மாட்டியது மிக மோசமான நேரம். 1976ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கை உயர்த்தி, தம்பதியரின் இணைப்புரிமையில் பாதியை மனைவியுடையதாக ஏற்க வழி செய்தது. 1981ஆம் ஆண்டுச் சட்டம் துணைவருக்குச் செல்லும் சொத்துக்கு வரம்பில்லாக் கழிவு அளித்து, வாழ்க்கைத்துணைக்கு இந்தச் சுமையையே நீக்கியது.

தறியகம்:

அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது யார் என்பதையும் சொல்லுங்கள். நெப்ராஸ்காவைச் சேர்ந்த பண்ணைப் பெண் டோரிஸ் ராயல் கையெழுத்து இயக்கம் நடத்தி, நாடு முழுவதிலுமிருந்து மனுக்களைத் திரட்டி நாடாளுமன்றத்துக்குக் கொண்டுசென்றார். சமையலறை மேசையிலிருந்து ஒரு வரிச் சட்டத்தை அசைத்தவர்களை நான் பரிதாபத்துக்குரியவர்களாகப் பார்க்க மறுக்கிறேன்.

வரப்பு:

பரிதாபம் நான் கேட்கவில்லை, தறியகம் அவர்களே. பதிவு கேட்கிறேன். அவர்கள் போராடித்தான் பெற வேண்டியிருந்தது என்பதே என் தரப்பு.

அமெரிக்க வேளாண் கணக்கெடுப்பு, பண்ணையை நடத்துபவர் ஆணா பெண்ணா என்று கேட்கத் தொடங்கியதே 1978இல்தான். ஒரு பண்ணைக்கு ஒருவரை மட்டுமே எழுத முடிந்த அந்தப் படிவத்தில், பெண்கள் ஏறக்குறைய 5 விழுக்காடு. 2002இல் மூவர் வரை எழுத இடம் கொடுத்தார்கள். 2017இல் நால்வர் வரை எழுதலாம் என்றானதும், பெண்களின் பங்கு 36 விழுக்காடு என்று பதிவாயிற்று. இடைப்பட்ட காலத்தில் புதிதாகப் பண்ணைக்கு வந்த பெண்கள் உண்டு. ஆனால் இந்த உயர்வின் பெரும்பகுதி, முன்பே அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்குப் படிவத்தில் ஒரு வரி கிடைத்ததால் வந்தது என்பதே என் கணிப்பு.

அந்த மூதாட்டியின் பிற்காலத்தையும் சொல்ல வேண்டும். நீண்ட வாழ்வைப் பேசுகையில் நாம் இளமையிலேயே நின்றுவிடுகிறோம். கணவர் இறந்தபோது அவருக்கு வயது 52. கடைசி மகனை உடன் வைத்துக்கொண்டு, விளைச்சல் பங்குக் குத்தகையில் நிலத்தை நடத்தினார். 1980களின் பண்ணை நெருக்கடியில் வட்டி விகிதம் ஏறி, அயோவா நில விலை 1981க்கும் 1986க்கும் இடையில் 60 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. நிலத்தை அடகு வைத்துப் புது நிலம் வாங்கியிருந்த அக்கம்பக்கத்துப் பண்ணைகள் ஏலத்துக்குப் போயின. மகனும் 1979இல் அப்படி 160 ஏக்கர் வாங்க விரும்பினார். பெருமந்தத்தில் வங்கி மூடியதைப் பிள்ளைப் பருவத்தில் கண்ட தாய் கையெழுத்திட மறுத்துவிட்டார். அந்த மறுப்பால்தான் பண்ணை இன்றும் இருக்கிறது. இரங்கல் குறிப்பில் இருந்திருக்க வேண்டிய செய்தி இது.

தறியகம்:

மறுக்கும் அதிகாரம் அவரிடம் இருந்திருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒரு கேள்வி மட்டும் எஞ்சுகிறது. இன்று அயோவாவின் விளைநிலத்தில் ஏறத்தாழப் பாதி பெண்களின் உடைமை. அவர்களில் பலர் முதிய கைம்பெண்கள். அந்தத் தலைமுறைத் தாய்மார்களில் மிகப் பலர், தாங்களே எழுதிய உயிலில், நிலத்தை மகள்களுக்கல்லாமல் உழுகின்ற மகனுக்குக் கொடுத்தார்கள். உங்கள் அண்டை வீட்டு அம்மையார் என்ன செய்தார்? அவரும் அப்படியே செய்திருந்தால், நீங்கள் கண்டிக்கும் அமைப்பில் அவருக்கும் பங்கில்லையா?

வரப்பு:

மகனுக்குத்தான் கொடுத்தார். மற்ற ஐவருக்கும் காப்புறுதித் தொகையும் வீட்டுப் பொருள்களும் சென்றன. இரண்டு மகள்களுக்கு அதில் மனக்குறை இன்னும் இருக்கிறது, அதை நான் நியாயமான குறையென்றே கருதுகிறேன். ஆனால் அந்த முடிவை அவர் அமைப்புக்குப் பணிந்து எடுத்ததாக நான் நினைக்கவில்லை. 240 ஏக்கரை ஆறாகப் பிரித்தால் தலைக்கு 40 ஏக்கர்; சோளமும் சோயாவும் விளைவிக்கும் அந்த நாட்டில் அதைக் கொண்டு ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. நிலத்தைப் பிரிக்காமல் மகள்களின் பங்கைப் பணமாகக் கொடுக்கச் சொன்னால், மகன் நிலத்தை அடகு வைக்க வேண்டும். 1979இல் அவர் மறுத்ததும் அதைத்தான். அந்த நிலத்தின் வருமானம் எவ்வளவு வட்டியைத் தாங்கும் என்பதை அவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1974க்குப் பின் பண்ணையின் வரவு செலவுக் கணக்கேடு முழுவதும் அவர் கையெழுத்தில்தான் இருக்கிறது.