கேசுவால்டியில் முதியவர்களுக்குத் தனிக்குழு வேண்டுமா?

நடைக்கோல் (பிசியோதெரபிஸ்ட்)
அயர்லாந்தில் லிமெரிக் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. அவசரப் பிரிவுக்கு வந்த, 65 வயதைத் தொட்ட அல்லது தாண்டிய 353 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் வழக்கமான கவனிப்பு. மறுபக்கம் அதோடு சேர்த்து பிசியோ, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குபவர்), மருத்துவ சமூகப் பணியாளர் எல்லாரும் ஒரே குழுவாக வந்து பார்த்தார்கள். வழக்கமான பக்கத்தில் 55.9 சதவீதம் பேர் அட்மிட் ஆனார்கள். குழு பார்த்த பக்கத்தில் 19.3 சதவீதம்தான். அவசரப் பிரிவில் கிடந்த நேரத்தின் இடைநிலை அளவும் 12.1 மணியிலிருந்து 6.4 மணியாகக் குறைந்தது. நம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் கேசுவால்டியில் இப்படி ஒரு குழுவை உட்கார வைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

இரவுப்பணி (டியூட்டி டாக்டர்)
கேட்கலாம், ஆனால் நான் எதிர்ப்பேன். அந்த ஆய்வில் உயிருக்கு உடனடி ஆபத்தோடு வந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. உடல்நிலை ஓரளவு நிலையாக இருந்தவர்களைத்தான் எடுத்தார்கள். அதுவும் ஒரே ஒரு மருத்துவமனை. தமிழக அரசின் அவசர சிகிச்சைத் திட்டமான 'தாய்' (TAEI) வந்த பிறகு நாங்கள் வருகிறவர்களை அவசரத்தைப் பொறுத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறோம்; சிவப்பு மிக அவசரம், பச்சை காத்திருக்கலாம். அங்கே வயது ஒரு பொருட்டே இல்லை, இருக்கவும் கூடாது. சிவப்பில் பைக் விபத்து, பாம்புக்கடி, விஷம் குடித்தவர் என்று ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். புதுப் பணியிடம் உருவாக்கப் பணம் இருந்தால் ஸ்டாஃப் நர்ஸ் கொடுங்கள். வயசானவர்களுக்கும் அதுதான் உதவும்.

தாமரை (ஸ்டாஃப் நர்ஸ்)
டாக்டர், நர்ஸ் கேட்டதற்கு நன்றி. ஆனால் வயது பொருட்டில்லை என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், பாத்ரூமில் வழுக்கி விழுந்த ஒரு பாட்டியைக் கூட்டிவந்தார்கள். பிரஷர், நாடி எல்லாம் சரி, அதனால் பச்சை. எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை. வலிக்கு ஊசி போட்டு, ஸ்ட்ரெச்சரில் இருந்தபடியே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். எழுந்து நில்லுங்கள் பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. சில நாளில் திரும்பி வந்தபோது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து விலகியிருந்தது. முதல் எக்ஸ்ரேயில் சிக்காத முறிவு உண்டு, காலை ஊன்ற முடியாதவரை அப்படியே அனுப்பக் கூடாது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே?

இரண்டாம் முறை வந்தபோதுதான் அவருடைய மஞ்சப்பையைப் பிரித்துப் பார்த்தோம். பிரஷர் மாத்திரை இரண்டு அட்டை இருந்தது. ஒன்று மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்தது, இன்னொன்று தனியார் டாக்டர் எழுதியது. பெயர்தான் வேறு, இரண்டும் அம்லோடிபின். பாட்டி இரண்டையும் தவறாமல் போட்டிருக்கிறார். நிற்கும்போது பிரஷர் எவ்வளவு இறங்குகிறது என்று முதல் நாளே பார்த்திருந்தால் ஏன் விழுந்தார் என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

இரவுப்பணி
வருத்தமாக இருக்கிறது. ஆனால் இதற்குக் குழு எதற்கு? நிற்க வைத்துப் பார்க்க ஒரு ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) போதும். முதியோருக்குப் பலர் சேர்ந்து செய்யும் முழு மதிப்பீட்டுக்கு ஆதாரம் இருக்கிறது, மறுக்கவில்லை. 2017இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 29 ஆய்வுகளையும் 13,766 நோயாளிகளையும் அலசி, அப்படிக் கவனிக்கப்பட்டவர்கள் பின்னாளில் உயிரோடு சொந்த வீட்டில் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்றது. ஆனால் அது அட்மிட் ஆனவர்களைப் பற்றியது. குழு வார்டில் இருக்கட்டும். சென்னை ஜி.ஹெச்.சில் முதியோர் மருத்துவப் பிரிவு 1978லேயே தொடங்கியது. கிண்டியில் 2024இல் 200 படுக்கையோடு தனி மருத்துவமனையே திறந்தார்கள். அவற்றைப் பலப்படுத்தலாமே.

நடைக்கோல்
ராமநாதபுரத்தில் விழுந்தவர் கிண்டிக்கு எப்படிப் போவார், டாக்டர்? வார்டுக்குப் போகும் முன்பே பாதிக் கெடுதல் நடந்துவிடுகிறது. கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை என்று யூரின் டியூப். ராத்திரி குழம்பிப்போய் டிரிப்ஸைப் பிடுங்கினால் கையைக் கட்டிவிட்டுத் தூக்க ஊசி. காலையில் பார்த்தால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்.

கருப்பட்டி
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் மருத்துவத் துறை இல்லை. என் அப்பாவோடு கேசுவால்டியில் இருந்திருக்கிறேன். இதையெல்லாம் கூட இருக்கும் அட்டெண்டர்தானே பார்க்கிறோம்? வெளிநாட்டில் பிள்ளைகள் துணைக்கு வருவது குறைவு போல, அதனால் குழு தேவைப்படுகிறதோ என்னவோ.

தாமரை
தம்பி, நீங்கள் கூட இருந்தது பெரிய பலம். ஆனால் 108இல் தனியாக வந்து இறங்குபவர்களும் உண்டு. கூட வருபவரிடமும் நாங்கள் சரியான கேள்வியைக் கேட்பதில்லை. அப்பா சம்பந்தமில்லாமல் பேசினால் "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். "நேற்றும் இப்படித்தான் பேசினாரா?" என்று கேட்டாலே திடீர்க் குழப்பத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அதற்குப் பின்னால் நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ ரத்தத்தில் உப்புக் குறைவோ இருக்கலாம். அப்படிப்பட்டவர் பச்சையில் உட்காரவே கூடாது.

இரவுப்பணி
இந்தக் கடைசி விஷயம் சரி. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் டிரையேஜ் சீட்டிலேயே அந்தக் கேள்வியை அச்சடித்துவிடலாம், செலவு கிடையாது. ஆனால் லிமெரிக் கணக்கை இங்கே நம்ப மாட்டேன். அங்கே வீட்டுக்கு அனுப்பினால் தொடர்ந்து பார்க்க ஊரில் ஆள் உண்டு. இங்கே அட்மிஷனைக் குறைத்தால் பாட்டி போய்ச் சேர்வது ஒற்றை அறை வீட்டுக்கு, மருமகள் வேலைக்குப் போயிருப்பாள்.

நடைக்கோல்
இங்கேயும் ஆள் இருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பிசியோவும் நோய்த்தணிப்பு (பாலியேட்டிவ்) நர்ஸும் உண்டு. நான் பார்த்தவரை கேசுவால்டியிலிருந்து அவர்களுக்கு ஒரு போன்கூடப் போவதில்லை. சீட்டில் "ஓபியில் காட்டவும்" என்று எழுதி அனுப்புகிறோம். நடக்க முடியாதவர் ஓபிக்கு எப்படி வருவார்? அந்தப் போனைச் செய்வது, மாத்திரைப் பையைப் பிரிப்பது, எழுப்பி நடத்திப் பார்ப்பது எல்லாம் இன்னார் வேலை என்று எழுதிக் கொடுக்காதவரை ஹவுஸ் சர்ஜனும் செய்ய மாட்டார், நானும் செய்ய மாட்டேன். குழு என்று நான் கேட்பது அதைத்தான். ஏற்கனவே இருக்கும் ஒரு பிசியோ, ஒரு நர்ஸ், ஒரு சமூகப் பணியாளர், காலை எட்டிலிருந்து மாலை வரை.

இரவுப்பணி
பாட்டிகள் ராத்திரியிலும் விழுவார்கள். மாலைக்குப் பிறகு யார்?

தாமரை
ராத்திரி வந்து பச்சையில் இருப்பவரை, நடத்திப் பார்க்காமல் விடிவதற்குள் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று மட்டும் நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள் டாக்டர். காலை எட்டு மணிக்கு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இரவுப்பணி
அதுவரை எந்தப் படுக்கையில் வைப்பது? அப்சர்வேஷனில் எனக்குக் கூடுதலாக இரண்டு கட்டிலும் ஒரு நைட் நர்ஸும் வேண்டும். அதையும் சேர்த்துக் கேட்பதாக இருந்தால் மனுவில் என் பெயரையும் போடுங்கள்.