நான்கு சர்வோக்களும் ஒன்றாக இயங்கும்போது ஆர்டுயினோ ஊனோ ரீசெட் ஆகிறது

வினா: உப்பனாற்றங்கரை, கடலூர் முதுநகர்

அனைவருக்கும் வணக்கம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக எட்டாம் வகுப்பு மாணவர்களுடன் சேர்ந்து வீராணம் ஏரி மதகுகளின் மாதிரி ஒன்றைச் செய்து வருகிறேன். தொட்டியில் நீர்மட்டம் ஏறியதும் நான்கு எஸ்ஜி90 சர்வோக்கள் (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சிறு மோட்டார்கள்) தெர்மாகோல் கதவுகளைத் தூக்க வேண்டும். ஒரு சர்வோவை மட்டும் இணைத்தால் குறையில்லாமல் இயங்குகிறது. நான்கையும் ஒரே நேரத்தில் இயக்கினாலோ, கதவுகள் பாதி உயரத்தில் நடுங்கி நிற்க, அவற்றை இயக்கும் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டின் விளக்கு அணைந்து எரிந்து, ரீசெட் ஆகி, புரோகிராம் முதலிலிருந்து தொடங்கிவிடுகிறது. நான்கு சிவப்பு வயர்களையும் ஊனோவின் 5 வோல்ட் பின்னிலேயே (இணைப்பு முனையிலேயே) கொடுத்திருக்கிறேன். போர்டுக்கு மின்சாரம் மடிக்கணினியின் யூஎஸ்பி வழியாக வருகிறது. மூன்று நாட்களாகப் புரோகிராமை மாற்றி மாற்றி எழுதியும் பலனில்லை. பிழை எங்கே இருக்கிறது?

பதில் 1: வேம்படி, புதுச்சேரி

ஆசிரியருக்கு வணக்கம். உங்கள் புரோகிராமில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை, மின்சாரம் போதவில்லை. சும்மா நிற்கும்போது சில மில்லி ஆம்பியர்களோடு அடங்கிவிடும் இந்தச் சர்வோ, புறப்படும் கணத்திலும் கதவு சிக்கி நிற்கும்போதும் அரை ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். நான்கும் ஒன்றாகப் புறப்பட்டால் இரண்டு ஆம்பியர் வரை தேவைப்படலாம். ஊனோவின் யூஎஸ்பி பாதையில் உள்ள பாதுகாப்பு ஃபியூஸோ 500 மில்லி ஆம்பியருக்கானது. அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிவதால்தான் போர்டு ரீசெட் ஆகிறது.

சர்வோக்களுக்குத் தனியாக 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் ஒன்றைக் கொடுங்கள். சிவப்பு வயர்கள் அடாப்டருக்கும், ஆரஞ்சு வயர்கள் போர்டின் பின்களுக்கும் போகட்டும். பழுப்பு வயர்களை அடாப்டரின் மைனஸுடன் இணைத்து, அங்கிருந்து ஒரு வயரை ஊனோவின் கிரவுண்டுக்கும் (மைனஸ் முனைக்கும்) கட்டாயம் கொண்டுவாருங்கள். இது விடுபட்டால், 20 மில்லி செகண்டுக்கு ஒருமுறை வந்து, திரும்ப வேண்டிய கோணத்தைச் சொல்லும் துடிப்பின் அகலத்தைச் சர்வோவால் சரியாக அளக்க முடியாமல் முன்னிலும் மோசமாக நடுங்கும். பலர் தடுமாறுவது இங்கேதான். சர்வோக்களுக்கு அருகிலேயே திடீர் மின்தேவைக்கு ஈடுகொடுக்க 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றை, பிளஸ் மைனஸ் மாறாமல் போடுவதும் நல்லது.

பதில் 2: கெடிலம், திருப்பாதிரிப்புலியூர்

மேலே சொன்னது முற்றிலும் சரி. அதற்குப் பிறகும் 0 டிகிரியில் கதவு நின்ற நிலையில் உறுமல் கேட்டால், சர்வோ தன் எல்லையில் முட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆர்டுயினோவின் சர்வோ லைப்ரரி (சர்வோவை இயக்கும் ஆயத்த நிரல் தொகுப்பு) இயல்பாக 544 முதல் 2400 மைக்ரோ செகண்டு வரை துடிப்பு அனுப்பும். எல்லா எஸ்ஜி90களும் அவ்வளவு தூரம் திரும்புவதில்லை. சர்வோ எந்தப் பின்னில் இருக்கிறது என்று சொல்லும் அட்டாச் கட்டளையில், அந்தப் பின்னின் எண்ணை அடுத்து 1000, 2000 என்று துடிப்பின் எல்லைகளைக் கொடுத்துவிட்டு, தேவைப்பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்துங்கள். உறுமியபடியே விட்டால் மோட்டார் சூடேறிப் பழுதாகிவிடும்.

வினா எழுப்பியவர்: உப்பனாற்றங்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. யூஎஸ்பியிலேயே வைத்து மல்டிமீட்டரால் அளந்தபோது, கதவுகள் புறப்படும் நொடியில் 4.9 வோல்ட் 4.1 வரை இறங்குவதை மாணவர்களே கண்ணால் பார்த்தார்கள். அடாப்டரை மாற்றி, கிரவுண்டைப் பொதுவாக்கியதும் ரீசெட் நின்றுவிட்டது. மூன்றாவது கதவு மட்டும் தொடர்ந்து நடுங்கியது. அதன் ஜம்பர் வயரை உருவிப் பார்த்தால் முனையில் பச்சைப் பாசிபோலக் களிம்பு படிந்திருந்தது. கடற்காற்று படும் ஜன்னலோரத்தில் சென்ற ஆண்டு முதல் கிடந்த வயர் அது. வேறு வயர் போட்டதும் நான்கு கதவுகளும் ஒன்றாக எழுந்தன. முதல் கதவில் உறுமல் இன்னும் இருக்கிறது. 1000, 2000 எல்லைகளை நாளை வகுப்பில் மாணவர்களைக் கொண்டே கொடுக்கச் செய்கிறேன்.