எலுமிச்சை மஞ்சளித்தபோது நான் ஊற்றிய தண்ணீர்

திருநகரிலிருந்து

எங்கள் வீட்டுப் பின்புறச் சுற்றுச்சுவரை ஒட்டி நிற்கும் எலுமிச்சைக்கு இப்போது 7 வயது ஆகிறது. ஒரு வாரத்துக்கு 15 பழமாவது கிடைக்கிறது. ஆனால் முதல் மூன்று ஆண்டுகள் அது பட்ட பாட்டை எழுதினால், இதே தவற்றைச் செய்துகொண்டிருக்கும் ஒருவருக்காவது பயன்படும் என்று நினைக்கிறேன்.

நட்ட இரண்டாம் ஆண்டு சித்திரையில் கொழுந்து இலைகள் மஞ்சளிக்கத் தொடங்கின. நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தன. வெளிறிய இலையின் மேல் பச்சை மையால் கோடு கிழித்தது போலத் தெரிந்தது. அடியில் இருந்த பழைய இலைகளோ நல்ல கரும்பச்சை. சத்துக் குறைவுதான் என்று முடிவு செய்து, ஆட்டெரு போட்டேன், கடலைப் பிண்ணாக்கைப் புளிக்க வைத்து ஊற்றினேன், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று முட்டை ஓடுகளைப் பொடித்துத் தூரைச் சுற்றித் தூவினேன். ஒவ்வொரு துளிரும் முந்தையதைவிட வெளுத்துக்கொண்டே வந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் தென்னைக்கு ஏற வரும் பெரியவர். மரத்தடி மண்ணில் உப்புப் பூத்தது போல் வெள்ளையாகப் படிந்திருந்ததை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன தண்ணி சார் ஊத்துறீங்க?" என்று கேட்டார். ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்கக் கூடாது என்று நாள்தோறும் இரண்டு வாளி ஊற்றுவதைச் சற்றுப் பெருமையாகவே சொன்னேன். "நீங்க குடிக்கமாட்டேன்னு கழிச்ச உப்பையெல்லாம் பாவம் அது தலையில கட்டிட்டீங்களே" என்றார். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரே கடினமானது. பாத்திரத்தில் ஒரு வாரம் வைத்தால் வெள்ளை வளையம் விழும். அதன் உப்பைச் செறிவாக்கித்தான் நான் மரத்துக்குக் கொடுத்து வந்திருக்கிறேன்.

அத்துடன் நிற்கவில்லை. அவர் சொன்னபடி தூரிலிருந்து இரண்டடி தள்ளித் தோண்டியபோது, ஒரு முழத்துக்குக் கீழே செங்கல் துண்டுகளும் காரைக்கட்டிகளும் இறுகிய சிமெண்டுப் பாளங்களும் வந்தன. வீடு கட்டியபோது மிஞ்சியதையெல்லாம் சுவரோரம் தள்ளி மேலே செம்மண்ணைப் பரப்பியிருக்கிறார்கள். சுண்ணாம்பு மிகுந்த காரத்தன்மையுள்ள மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் எலுமிச்சையின் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. புது இலைக்குத்தான் இரும்பு முதலில் பற்றாமல் போகும் என்பதால் நுனி வெளுத்து அடி பச்சையாக இருக்கிறது. முட்டை ஓடும் சுண்ணாம்புதானே. எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்த்திருக்கிறேன்.

ஒரே நாளில் நான்கு பக்கமும் தோண்டினால் வேர் அறுந்து மரம் வாடிவிடும் என்பதால், ஒரு பருவத்துக்கு ஒரு பக்கமாக இடிபாட்டை அகற்றிச் செம்மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பினேன். ஆர்.ஓ. கழிவுநீரைத் தரை துடைக்க ஒதுக்கினேன். குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லை என்பதால் அதைக் குடத்தில் பிடித்து மரத்துக்கு ஊற்றினேன். ஐப்பசி, கார்த்திகையில் மாடி மழைநீரையும் மரத்தடிக்கே திருப்பிவிட்டேன். மண் சீராகும் வரை, துளிர் விடும் சமயங்களில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு துத்தநாக சல்பேட்டு 5 கிராம், இரும்பு சல்பேட்டு 2.5 கிராம் என்ற அளவில் கரைத்து வெயில் தாழ்ந்த பிறகு இலைகளில் தெளித்தேன். முன்பே மஞ்சளித்த இலைகளில் பல தேறவில்லை. அடுத்து வந்த துளிர் பச்சையாக வந்தது.

நுனியில் மஞ்சளா, அடியில் மஞ்சளா என்று பார்ப்பது இப்போது எனக்கு வழக்கமாகிவிட்டது. பழைய இலைகள் நரம்போடு சேர்ந்து முழுதுமாக மஞ்சளித்தால் அது தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம், அதற்கு எரு கேட்கும். மண் ஈரமாக இருக்கும்போதே மரம் முழுவதும் தொய்ந்தால், எருவைத் தொடாமல் வேரைப் பாருங்கள்.

திருமங்கலத்திலிருந்து

திருநகர் ஐயா எழுதியதில் கடைசி வரியை நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் படித்திருந்தால் ஒரு மரம் பிழைத்திருக்கும். எங்களுடையது கரிசல் மண். மழை பெய்தால் தண்ணீர் இறங்க நாள் கணக்காகும். தூரைச் சுற்றிக் கிண்ணம் போலப் பாத்தி கட்டி, அது நிறைய நீர் விடுவதுதான் கவனிப்பு என்று நினைத்திருந்தேன். ஒரு தை மாதத்தில் அடிமரத்தில் தேன் நிறத்தில் பிசின் வடிந்தது. கருவேலம் பிசின் போல இதுவும் இயல்புதான் என்று விட்டுவிட்டேன். ஆடிக்குள் பட்டை வெடித்து உரிந்து, கிளைகள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தன. நீர் தேங்கும் மண்ணில் வளரும் பூஞ்சாணம் அடிப்பட்டையை அழுகச் செய்வதால் வருவது இந்தப் பிசின் வடிதல் என்று பின்னர்தான் அறிந்தேன்.

இரண்டாவது மரத்தை ஒரு முழ உயரத்துக்கு மேடு கட்டி நட்டேன். தூரைச் சுற்றி ஓரடிக்கு மண்ணைக் குவித்து, அதற்கு வெளியே வளையமாகப் பாத்தி எடுத்திருப்பதால் தண்ணீர் அடிமரத்தைத் தொடுவதில்லை. பூஞ்சாணத்தைத் தடுக்க ஆண்டுக்கு இருமுறை அடிமரத்தில் போர்டோ பசை பூசுகிறேன். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்டு) 100 கிராமையும் நீற்றிய சுண்ணாம்பு 100 கிராமையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளிகளில் தலா அரை லிட்டர் நீரில் கரைத்து, பிறகு ஒன்றாகக் கலக்க வேண்டும். தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் சற்று நேரம் வைத்து எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

மேலூரிலிருந்து

எனக்கு நோய் எதுவும் வரவில்லை, மரம் ஏமாற்றியது. விதையில்லா எலுமிச்சை என்று ஓர் ஒட்டுக்கன்றை வாங்கி நட்டேன். முதல் ஆண்டு மெதுவாகவே வளர்ந்தது, அடுத்த மழைக்குத் திடீரென்று முள்ளும் தழையுமாகக் கிளம்பியது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான்காம் ஆண்டில் காய்த்த காய் கைப்பிடி அளவு இருந்தது. தோல் தடித்து மேடு பள்ளமாக, உள்ளே சாறு சொற்பம். குனிந்து பார்த்தபோதுதான் ஒட்டுக்கட்டிய தழும்புக்கு மேலிருந்த நல்ல கிளை எப்போதோ பட்டுப்போய், கீழிருந்த காட்டு எலுமிச்சையின் போத்தே மரமாகியிருப்பது தெரிந்தது. விற்றவரைக் குறை சொல்ல இடமில்லை. ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் போத்துகளைக் கைக்கு ஒடியும் பருவத்திலேயே கிள்ளிவிட வேண்டும் என்று அவர் அன்றே சொல்லியிருந்தார்.

மதுரை அண்ணா நகரிலிருந்து, மொட்டை மாடித் தோட்டம்

நிலம் இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன். நீல நிற டிரம்மைப் பாதியாக வெட்டி, அதில் ஒரு பதியன் வைத்திருக்கிறேன். பூத்த பூவில் முக்கால்வாசி உதிர்கிறதே என்று ஒரு பங்குனி முழுவதும் கவலைப்பட்டேன். எலுமிச்சை பூப்பதில் சிறு பங்குதான் பிஞ்சாக நிற்கும், மற்றவை உதிர்வது இயல்பே. கவலைப்பட வேண்டியது காய் வெடிப்பதற்கு. நான்கு நாள் ஊருக்குப் போய்த் திரும்பி, காய்ந்து கிடந்த தொட்டியில் வாளி வாளியாக ஊற்றினேன். அந்த வாரமே ஒன்பது காய்கள் பிளந்தன. வறண்டிருந்த காய் திடீரென்று நீரை உறிஞ்சி உப்பும்போது தோல் தாங்காது. இப்போது மண் மேல் தென்னை மட்டைத் துண்டுகளைப் பரப்பிக் காலையில் ஒரே அளவாக ஊற்றுகிறேன்.

இலைகளில் பறவை எச்சம் போல் ஒட்டியிருந்ததைத் துடைக்கப் போன என் மகள் அலறியதும் நினைவுக்கு வருகிறது. தொட்டதும் அது தலைக்குப் பின்னிருந்து இரண்டு சிவந்த கொம்புகளை நீட்டி, மூக்கைத் துளைக்கும் நெடியைப் பரப்பியது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. வளர்ந்ததும் பச்சையாகிவிடும், பக்கத்தில் கறிவேப்பிலை இருந்தால் அதையும் தின்னும். மாடியில் ஒரே ஒரு செடிதான் என்பதால் மருந்து அடிக்காமல் மாலையில் கையால் எடுத்துவிடுகிறேன். இரண்டை மட்டும் மகள் அட்டைப் பெட்டியில் தழை போட்டு வளர்க்கிறாள். அதற்கும் நம் எலுமிச்சைதான் படியளக்கிறது.

மீண்டும் திருநகரிலிருந்து

இலைகளில் வெள்ளிக் கிறுக்கல் போல வருகிறது, பிறகு சொறி பிடிக்கிறது, இரண்டும் ஒன்றா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். இரண்டும் வேறு, ஆனால் ஒன்று மற்றதற்குக் கதவைத் திறக்கிறது. கிறுக்கல் இலைத் துளைப்பானின் புழு இளந்துளிரின் தோலுக்கடியில் குடைந்து சென்ற பாதை. துளிர் விரல் நீளம் இருக்கும்போதே லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து தெளித்தால் பெரும்பாலும் அடங்கும். முற்றிய இலையில் அடிப்பது வீண் வேலை. சொறி நோய் பாக்டீரியாவால் வருவது. மஞ்சள் வளையத்துக்கு நடுவே சொரசொரப்பாக எழும்பிய பழுப்புப் புள்ளிகள் அதன் அடையாளம். இலையிலும் குச்சியிலும் காயிலும் வரும். மழைத்துளி தெறித்துப் பரவி, புழு குடைந்த புண் வழியாக எளிதில் உள்ளே நுழைகிறது. காயின் தோல் அழகு கெடுமே தவிர, சாற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

என் மரத்திலும் போன ஐப்பசி மழையில் இரண்டு கிளைகளில் வந்தது. அவசரப்பட்டு ஈரத்திலேயே வெட்டினேன். அதே கத்தரியால் நல்ல கிளையையும் தொட்டதில் மூன்றாவது கிளைக்கும் பரவிவிட்டது. இந்த ஆண்டும் புள்ளிகள் தெரிகின்றன. மழை விட்டு இலைகள் நன்றாகக் காய்ந்த பிறகு, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டு வெட்டி எரிக்கலாம் என்றிருக்கிறேன். அதுவரை கத்தரியைப் பரண் மேல் போட்டு வைத்திருக்கிறேன்.