கூட்டத்தில் நிற்கப் போகிறவர் ஏஜென்ட்டிடம் கமிஷன் எவ்வளவு என்று கேட்கக் கூடாதா?

போரூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். சினிமா, சீரியலுக்குக் கூட்டத்தில் நிற்கும் வேலைக்குப் போக ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் ஒரு படத்தில் கல்யாண வீட்டுக் காட்சி. விடிகாலை நாலரைக்கு வடபழனியில் வேன், செம்பரம்பாக்கம் பக்கம் செட். மூன்று பட்டுப்புடவை, அதற்கேற்ற ஜாக்கெட், கவரிங் செட் எல்லாம் நாம்தான் கொண்டு போக வேண்டும். ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார வைத்தார்கள், முதல் ஷாட் பதினொன்றரைக்கு. கண்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி, போய்விடும், யாரும் இடம் மாறக் கூடாது என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இரவு ஒன்பதே முக்காலுக்கு பேக்கப்.

வேனில் ஏஜென்ட் என் கையில் 600 ரூபாய் கொடுத்தார். என் இடது பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா வேறு ஏஜென்ட்டின் ஆள், அவருக்கு 850. ஒரே வரிசை, ஒரே காட்சி, ஒரே நேரம். படக் கம்பெனி தலைக்கு எவ்வளவு கொடுத்தது என்று என் ஏஜென்ட்டிடம் கேட்டேன். "அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா, வேலை வேணுமா வேணாமா" என்றார். அதற்கப்புறம் அவருடைய வாட்ஸ்அப் குரூப்பில் வந்த இரண்டு அழைப்பிலும் என் பெயர் இல்லை. சேரும்போது பதிவுக்கு என்று 1500 ரூபாய் வேறு கட்டியிருக்கிறேன். நான் கேட்டது தப்பா?

குன்றத்தூரான்

தப்பே இல்லை. அந்த 1500 கேட்ட அன்றைக்கே நீங்கள் எழுந்து வந்திருக்க வேண்டும். வேலை கொடுக்கிறவன் நமக்குக் காசு கொடுக்க வேண்டும், நாம் கட்டக் கூடாது. நானும் இரண்டு வருடம் போனேன். காலேஜ் பையன், ஐடி கம்பெனி ஊழியர், கலவரக் கும்பல், எல்லா வேடமும் போட்டாயிற்று. ஒரு ஏஜென்சி போர்ட்ஃபோலியோ எடுத்தால்தான் விளம்பரப் படத்துக்குக் கூப்பிடுவோம் என்று 8000 வாங்கியது. எடுத்த படங்கள் இன்னும் என் போனில் இருக்கின்றன, ஒரு அழைப்பும் வரவில்லை. இந்த ஏஜென்ட் என்கிற ஆளே நடுவில் தேவையில்லை என்பதுதான் என் கருத்து. கம்பெனி நேராக ஆள் எடுக்கட்டும், நேராக வங்கிக் கணக்கில் போடட்டும். இன்றைக்குப் பூக்கடையிலேயே க்யூஆர் கோடு இருக்கிறது, 200 பேருக்குக் காசு அனுப்ப ஒரு படக் கம்பெனியால் முடியாதா?

மஞ்சள்_வேன்

தம்பி, ஏமாற்றுகிறவனையும் ஏஜென்ட்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நான் 19 வருடமாக இந்த வேலைக்குப் போகிறேன். வீட்டுக்காரர் போனபோது என் பெண்ணுக்கு ஆறு வயது. எங்கள் ஏஜென்ட் பதிவு என்று ஒரு ரூபாய் வாங்கினதில்லை. பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட முடியாத மாதம் அட்வான்ஸ் கொடுப்பார், அடுத்தடுத்த வேலையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முடிந்தாலும் பெண்களை வீட்டு முனை வரைக்கும் வேனில் விட்டுவிட்டுத்தான் போவார். கம்பெனி நேராக எடுத்தால் என் வீட்டுக்கு யார் வேன் அனுப்புவார்கள்? எந்த மேனேஜருக்கு என் பெயர் தெரியும்?

தங்கச்சி, நீங்கள் கேட்டது தப்பில்லை. ஆனால் வேனில் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்க வேண்டாம். மறுநாள் தனியாகக் கேட்டிருந்தால் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

பழைய_உதவி

நான் பதினோரு வருடம் உதவி இயக்குநராக இருந்தவன், கூட்டத்தைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் என் தலையில்தான் விழும். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கோர்ட் காட்சிக்கு 40 வக்கீல், 15 போலீஸ், 60 பொதுமக்கள் வேண்டும் என்பது எனக்கே முந்தின நாள் மாலைதான் தெரியும். போலீஸுக்கு உயரம் வேண்டும், தலைமுடி வெட்டியிருக்க வேண்டும். வக்கீலில் பாதிப் பேராவது கண்ணாடி போட்ட, படித்த முகமாக இருக்க வேண்டும் என்று டைரக்டர் கேட்பார். இதை ஒரு போன் காலில் முடிப்பவர் ஏஜென்ட். பத்துப் பேர் வரவில்லை என்றால் அடுத்த முக்கால் மணி நேரத்தில் வேறு பத்துப் பேரைக் கொண்டு வந்து இறக்குவார். ஒரு நாள் படப்பிடிப்பு நின்றால் எத்தனை லட்சம் போகும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கமிஷன் பெரிதாகத் தெரியாது. குன்றத்தூரான் சொல்வதுபோல நேராக எடுத்தும் பார்த்தோம். ஒரு படத்தில் வாட்ஸ்அப்பில் அறிவிப்புப் போட்டு 120 பேரை வரச் சொன்னோம். முதல் நாள் 120 பேரும் வந்தார்கள். இரண்டாம் நாள் அதே காட்சியின் தொடர்ச்சி, வந்தது 50 பேர். முதல் நாள் வெயிலில் நின்றதோடு ஆசை தீர்ந்துவிட்டது. மீதி 70 முகத்துக்கு எங்கே போவது?

இது இன்றைக்கு வந்த சிக்கலும் இல்லை. 1981 ஜனவரி 31 அன்று டெல்லியில் 'காந்தி' படத்துக்கு இறுதி ஊர்வலக் காட்சி எடுத்தபோது 3 லட்சம் பேர் கூடினார்கள், அதில் பெரும்பாலோர் காசு வாங்காமல் வந்தவர்கள். ஒரு நாளைக்கு அப்படிக் கூட்டம் சேரும். இருபது நாள் தொடர்ந்து வர வேண்டும் என்றால் அது தொழில், அதற்கு ஆள் கட்டி மேய்க்க ஒருவர் வேண்டும்.

குன்றத்தூரான்

"ஆள் கட்டி மேய்க்க" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள் சார். அதுதான் எனக்குப் பிரச்சினை. நாங்கள் மாடு இல்லை.

பழைய_உதவி

அந்தச் சொல் தவறு, மன்னிக்கவும். செட்டில் அப்படிப் பேசிப் பழகிவிட்டது. பழகியிருக்கக் கூடாது.

சங்கத்துப்_பிள்ளை

இங்கே எல்லோரும் ஏஜென்ட் நல்லவரா கெட்டவரா என்று பேசுகிறீர்கள். கேள்வி அது இல்லை. காகிதம் எங்கே என்பதுதான் கேள்வி. 1981-லேயே திரைப்படத் தொழிலாளர்களுக்கு என்று மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தது. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இல்லாமல் படத்தில் யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று அதன் மூன்றாவது பிரிவு சொன்னது. இடையில் காண்ட்ராக்டரோ வேறு ஆளோ இருந்தால் தயாரிப்பாளர், அந்த ஆள் இரண்டு பேருமே ஒப்பந்தத்தில் சேர வேண்டும். அந்த ஒப்பந்தத்தைப் பதிவும் செய்ய வேண்டும். அதாவது இடையில் ஒருவர் இருப்பார் என்பது சட்டம் எழுதியவர்களுக்கே தெரியும், அவரைப் போகச் சொல்லவில்லை, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பிறகு 2020-ல் வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இதை உள்ளே இழுத்துக்கொண்டு சீரியல், விளம்பரம், வெப் தொடர் வரைக்கும் விரித்திருக்கிறது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, கூட்டத்தில் நின்ற எத்தனை பேர் அப்படி ஒரு காகிதத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்?

என் அப்பா, தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியில் (FEFSI) சேர்ந்த ஒரு சங்கத்தில் உறுப்பினர் கார்டு வைத்திருந்தவர். 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றபோது கார்டு இருந்ததால் எங்கள் வீட்டுக்கு அரிசி வந்தது, கொஞ்சம் பணமும் வந்தது. எங்கள் தெருவிலேயே வாட்ஸ்அப் ஏஜென்சி வழியாக வேலைக்குப் போன இரண்டு குடும்பத்துக்கு ஒன்றும் வரவில்லை, ஏனென்றால் அவர்கள் இந்தத் தொழிலில் இருந்ததாக எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை.

மஞ்சள்_வேன்

உங்கள் அப்பாவுக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கார்டு எல்லோருக்கும் கிடைக்கிறதா? கட்டணம் கட்ட வேண்டும், சிபாரிசு வேண்டும், பல வருடம் காத்திருக்க வேண்டும். நான் இரண்டு தடவை முயன்றேன். சங்கம் என்றால் எல்லாம் நியாயமாக நடக்கும் என்று நினைக்காதீர்கள். மும்பையில் மேக்கப் கலைஞர்கள் சங்கம் பெண்களுக்கு மேக்கப் கார்டே தர மாட்டோம், தலை அலங்காரம் மட்டும் செய்யுங்கள் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. 2014-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லித்தான் அந்த விதியை எடுத்தார்கள். ஏஜென்ட் கமிஷன் எடுக்கிறார், சரி. சங்கம் கதவையே திறக்கவில்லையே.

சங்கத்துப்_பிள்ளை

அக்கா, கதவு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதில் நான் சங்கத்துக்காக வாதாட மாட்டேன். ஆனால் கதவு திறக்கவில்லை என்பதற்காக வெளியே நிற்கிற ஆளிடம் கணக்கே கேட்கக் கூடாது என்று ஆகிவிடுமா? உங்களுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறாரே, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? போரூர்க்காரிக்கு 600 போனதே, அந்த இடத்தில் மிஞ்சினது என்ன? உங்களுக்குக் கிடைக்க வேண்டியதில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, கஷ்ட காலத்தில் உங்களிடமே கடனாகக் கொடுத்து, அதையும் சம்பளத்தில் பிடித்தால் அதற்கு நன்றி சொல்ல வேண்டுமா?

மஞ்சள்_வேன்

நன்றி சொல்லத்தான் செய்வேன். என் பெண் இப்போது நர்ஸிங் மூன்றாம் வருடம். கணக்குப் பார்த்தால் எனக்கு எவ்வளவு குறைந்தது என்று நீங்கள் சொல்லலாம். கட்டணம் கட்ட முடியாமல் நின்ற அன்றைக்கு யாரும் கணக்கோடு வந்து நிற்கவில்லை, அவர்தான் வந்தார். இதை நீங்கள் கடன் என்று எழுதுவது எனக்கு வலிக்கிறது தம்பி.

இரவுக்_காட்சி

அக்கா, தம்பி இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். பணத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நானும் ஒரு பெண்தான், அதனால் நேராகவே எழுதுகிறேன். அவுட்டோரில் கூட்டத்துக்கு வந்த பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. கேரவன் நடிகர் நடிகைக்கு. நாங்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்போம், அவ்வளவுதான். உடை மாற்ற இரண்டு பேர் புடவையைப் பிடித்துக்கொள்வார்கள், நடுவில் நின்று மாற்றுவோம். கேரளத்தில் மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய்ந்த ஹேமா கமிட்டி அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது பத்திரிகைகள் நடிகைகளைப் பற்றியே எழுதின. ஆனால் அதில் நம்மைப் போலக் கூட்டத்தில் நிற்கும் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் பெண்களைப் பற்றியும் இருக்கிறது: கழிப்பறை இல்லாதது, சாப்பாடு சரியாகத் தராதது, இடையில் இருப்பவர்கள் சம்பளத்தில் எடுத்துக்கொள்வது. படித்தபோது நம் ஊர் செட்டைப் பார்த்து எழுதினது போலவே இருந்தது. ஏஜென்ட் எங்களுக்காகக் கம்பெனியிடம் பேசுகிற ஆள் என்றால் முதலில் ஒரு மொபைல் டாய்லெட் கேட்கட்டும். மஞ்சள் வேன் அக்காவின் ஏஜென்ட் வீட்டு முனையில் விடுகிறார் என்பது நல்ல விஷயம், மற்றவர்களும் அப்படி இருக்க வேண்டும். நல்ல மனசு இருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் கிடைக்காது என்று இருப்பதுதான் எனக்குப் பயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு விளம்பரத்துக்கு எங்கள் இருபது பேரை, பின்னணியைப் பிறகு கம்ப்யூட்டரில் மாற்றுவதற்கான பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்தி, கை தட்டச் சொல்லி, எழுந்து நிற்கச் சொல்லி, எல்லாப் பக்கமும் எடுத்துக்கொண்டார்கள். அரை நாள் சம்பளம். அந்த உருவங்களை எங்கே எத்தனை தடவை போடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சங்கத்துப்_பிள்ளை

இதுதான். 2023-ல் அமெரிக்காவில் நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது பெரிதாகப் பேசப்பட்ட விஷயங்களில் ஒன்று இது. கூட்டத்தில் நிற்கிறவரை ஒரு நாள் சம்பளத்துக்கு ஸ்கேன் செய்து அந்த உருவத்தைக் காலத்துக்கும் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று சங்கம் சொன்னது, ஸ்டுடியோக்கள் தரப்பு அப்படி இல்லை என்று மறுத்தது. கடைசியில் வந்த ஒப்பந்தத்தில், டிஜிட்டல் உருவம் எடுக்கவும் பயன்படுத்தவும் கூட்ட நடிகரின் சம்மதம் வேண்டும் என்று சேர்த்தார்கள். உங்கள் இருபது பேருக்கும் யார் சம்மதம் கேட்டது? கேட்டிருந்தாலும் எந்தக் காகிதத்தில்?

பழைய_உதவி

கழிப்பறை விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. பட்ஜெட்டில் கூட்டத்துக்கு என்று ஒரு வரி இருக்கும். அதில் சம்பளம், வேன், சாப்பாடு வரும். கழிப்பறை வராது. நானும் அந்தக் காகிதத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், சேர்க்கச் சொன்னதில்லை.

கமிஷனைப் பற்றி நேராகச் சொல்கிறேன். கம்பெனி ஏஜென்ட்டிடம் மொத்தமாகக் கொடுக்கும். வவுச்சரில் இத்தனை தலை என்று இருக்கும், கையெழுத்து ஒன்றுதான். ஆளுக்கு எவ்வளவு போனது என்று கம்பெனி பார்ப்பதில்லை. சில இடத்தில் 80 பேரை அனுப்பி 100 என்று கணக்குக் காட்டுவதும் உண்டு. கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும்போது யார் எண்ணுவது? அதனால் போரூர்க்காரி கேட்ட கேள்விக்கு அந்த ஏஜென்ட் கோபப்பட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனாலும் ஏஜென்ட் இல்லாமல் இந்த வேலை நடக்கும் என்று நான் நம்பவில்லை, அதில் மாற மாட்டேன்.

குன்றத்தூரான்

சரி, ஏஜென்ட் இருக்கட்டும். நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆனால் ஒரே ஒரு விஷயம். 2020 பிப்ரவரியில் பூந்தமல்லி பக்கம் ஒரு படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள் இல்லையா? அவர்கள் யூனிட் ஆட்கள், யார் எவர் என்று உடனே தெரிந்தது. அதே கிரேனுக்குக் கீழே நம்மைப் போல 80 பேர் நின்றிருந்தால்? வவுச்சரில் 100 தலை, ஒரு கையெழுத்து. வீட்டுக்கு யார் போன் செய்வார்கள், எந்தப் பட்டியலைப் பார்த்து? சம்பளத்தில் 250 போவதைக்கூட விட்டுவிடலாம், பெயராவது எழுதுங்கள்.

மஞ்சள்_வேன்

இதற்கு நான் எதிர்த்துப் பேச மாட்டேன். என் ஏஜென்ட்டிடம் எல்லோர் நம்பரும் நோட்டில் இருக்கிறது, ஆனால் அது அவர் பையில் இருக்கிறது. கம்பெனியிடம் ஒரு நகல் இருக்க வேண்டும். இன்றைக்குச் சாயங்காலம் அவரிடம் பேசிவிட்டு வருகிறேன்.

போரூர்க்காரி

எல்லோருக்கும் நன்றி. பழைய ஏஜென்ட்டுக்குப் போன் செய்து 1500 திரும்பக் கேட்டேன், பதிவுக் கட்டணம் திரும்பத் தருவதில்லை என்று வைத்துவிட்டார். ரசீதும் தரவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. மஞ்சள் வேன் அக்கா தனி மடலில் நம்பர் கொடுத்தார், அவர்கள் ஏஜென்ட்டிடம் பேசினேன். வியாழக்கிழமை ஒரு சீரியலுக்கு ஆஸ்பத்திரி காட்சி, காலை ஆறு மணி, வளசரவாக்கம். எவ்வளவு என்று முதலிலேயே கேட்டேன். 800 என்றார், தனக்கு அதில் எவ்வளவு என்று சொல்லவில்லை. பையனையும் அழைத்து வந்தால் குழந்தை வார்டு காட்சிக்கு ஆகும் என்றார். அவனுக்கு ஏழு வயது. சரி என்று சொல்லலாமா?

சங்கத்துப்_பிள்ளை

பொறுங்கள், உடனே சரி சொல்லாதீர்கள். குழந்தை என்றால் விதி வேறு. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தயாரிப்பாளர் முன்கூட்டியே மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தை பெயரில் வங்கியில் வைப்பாகப் போட வேண்டும். பள்ளிக்கூடமும் கெடக் கூடாது. அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்றால் நீங்கள் மட்டும் போங்கள்.

மஞ்சள்_வேன்

தங்கச்சி, பையனை அழைத்து வராதீர்கள், வியாழக்கிழமை பள்ளிக்கூடம் இருக்கிறது. நானும் அதே வேனில்தான் வருகிறேன். நோட்டு விஷயம் பேசிவிட்டேன். பட்டியல் எழுதி மேனேஜரிடம் ஒன்று கொடுக்கிறேன் என்றார், கையெழுத்து வாங்குவது பற்றி யோசிக்கிறேன் என்றார். தண்ணீர் பாட்டிலும் ஒரு பழைய நைட்டியும் எடுத்து வையுங்கள், மாற்றிக்கொள்ள உதவும்.