பயம் வந்தால் நன்றி சொன்னால் போதுமா?

செந்தூல்காரன்
வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரி, பயம் பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நன்றி சொல்வேன் என்றேன். இரண்டு பேர் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை, நேரமும் முடிந்துவிட்டது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

2020 மார்ச் 18, மலேசியாவில் எம்சிஓ, அதாவது கொரோனா ஊரடங்கு, ஆரம்பித்த நாள். நான் அப்போது சுற்றுப்பயணிகளுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரே வாரத்தில் இருந்த புக்கிங் எல்லாம் போய்விட்டது. வேன் தவணை, ஃபிளாட் வாடகை, இரண்டு பிள்ளைகள். ராத்திரி 3 மணிக்கு எழுந்து சமையலறையில் உட்கார்ந்து கணக்குப் போடுவேன், எத்தனை முறை போட்டாலும் அதே கணக்குதான், ஆனால் ஒவ்வொரு முறையும் நெஞ்சு இன்னும் கொஞ்சம் இறுகும். ஒரு ராத்திரி அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் அன்றைக்குக் கிடைத்ததை எழுதினேன். மேல்மாடி மக்சிக் (மலாய்க்கார அத்தை) கொடுத்த மீன் குழம்பு. பாதி வாடகை போதும் என்று வீட்டுச் சொந்தக்காரர் சொன்னது. சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டது. எழுதி முடித்தபோது கணக்கு மாறவில்லை, ஆனால் மூச்சு ஒழுங்காக வந்தது. வங்கிகள் 6 மாதத்துக்குத் தவணையைத் தள்ளிப்போட்ட செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது, அதனால் பணம் தீர்ந்த நிம்மதி என்று இதைத் தள்ளிவிட முடியாது. பிலிப்பியர் 4:6 சொல்கிறதே, கவலைப்படாமல் ‘ஸ்தோத்திரத்தோடே கூடிய’, அதாவது நன்றியோடு கூடிய, ஜெபம் என்று, அதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

பட்டர்வொர்த் சிஸ்டர்
தம்பி, உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இதைக் கேட்டால் என் வயிறு எரிகிறது, ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு 3 நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். டாக்டர் சொன்ன அந்த வாரம் சபைக்குப் போய் அழுதேன், அழுது முடிப்பதற்குள்ளேயே ஒரு மூத்த சகோதரி கையைப் பிடித்து, முணுமுணுக்காதீர்கள் சிஸ்டர், ஸ்தோத்திரம் சொல்லுங்கள், பயம் ஓடிப்போகும் என்று ஆயிரம் ஸ்தோத்திரப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார், ஒவ்வொன்றாகச் சொல்ல ஆயிரம் துதி வரிகள் உள்ள புத்தகம். நான் சொன்னேன். உட்கார்ந்து ஆயிரத்தையும் சொன்னேன். நானூறு தாண்டும்போது வாய் மட்டும்தான் ஓடியது. பயம் போகவில்லை. அதற்கு மேல் இன்னொரு பயம் வந்து சேர்ந்தது, இவ்வளவு சொல்லியும் பயப்படுகிறேனே, எனக்கு விசுவாசமே இல்லையோ, என்னால்தான் இவருக்குச் சுகம் வரவில்லையோ என்று. அந்த இரண்டாவது பயம் முதல் பயத்தைவிட மோசம். இரண்டு வருடம் அதைச் சுமந்தேன்.

சங்கீதம் 88 படித்துப் பாருங்கள். கடைசி வரி வரைக்கும் இருட்டுதான், நன்றி என்ற பேச்சே இல்லை. அதுவும் வேதத்தில்தானே இருக்கிறது?

கெப்போங் சகோதரர்
சிஸ்டர், உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் வசனத்தை நம் அனுபவத்துக்கு ஏற்றபடி வளைக்கக் கூடாது. ‘தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்’ என்று 2 தீமோத்தேயு 1:7 தெளிவாகச் சொல்கிறது. எபேசியர் 5:20-ல் ‘எல்லாவற்றிற்காகவும்’ ஸ்தோத்திரிக்கச் சொல்லியிருக்கிறது. எல்லாவற்றிற்காகவும் என்றால் வியாதிக்காகவும்தான். பயத்துக்கு இடம் கொடுத்தால் அது வளரும்.

பட்டர்வொர்த் சிஸ்டர்
அப்படியானால் சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு ‘திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும்’ தொடங்கினார் என்று மாற்கு ஏன் எழுதினார்? அவருக்கும் ஸ்தோத்திரம் குறைவாக இருந்ததா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு என்னோடு பேசுங்கள்.

செந்தூல்காரன்
அக்கா, உங்களுக்கு நடந்தது தவறு, அழுகிறவரிடம் யாரும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனாலும் நன்றியை ஒரேயடியாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அப்போஸ்தலர் 27-ஐப் பாருங்கள். புயலில் மாட்டிய கப்பலில் 276 பேர், 14 நாளாகச் சாப்பிடவில்லை, தப்பிப்போம் என்ற நம்பிக்கையே போய்விட்டது. பிலிப்பியர் நிருபத்தை எழுதிய அதே பவுல் எல்லாருக்கும் முன்பாக அப்பத்தை எடுத்து தேவனை ஸ்தோத்தரித்துப் புசித்தார். உடனே எல்லாரும் திடமனப்பட்டுச் சாப்பிட்டார்கள். பயந்தவர்கள் யாரையும் அவர் அதட்டியதாக அங்கே இல்லை.

பட்டர்வொர்த் சிஸ்டர்
அந்தக் கப்பல் உடைந்தது தம்பி. பிரசங்கத்தில் அதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

செந்தூல்காரன்
உடைந்தது, உண்மைதான். ஆட்கள் ஒருவர்கூட சாகவில்லை, கப்பல் போய்விட்டது. ஆனால் பவுல் கையில் இருந்த அப்பத்துக்குத்தான் நன்றி சொன்னார், புயலுக்கு இல்லை. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான், வெள்ளிக்கிழமை அதைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

பழைய வாத்தியார்
ஜார்ஜ்டவுனிலிருந்து எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் 31 வருடம் பாடம் நடத்தியவன், அதனால் சொல்லில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘ஸ்தோத்திரம்’ என்ற ஒரே சொல் பல வேலை செய்கிறது. ‘என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி’ என்கிற சங்கீதம் 103-ல் எபிரெயச் சொல் ‘பாரக்’, போற்றுவது. பிலிப்பியர் 4:6-ல் கிரேக்கச் சொல் ‘யூகரிஸ்டியா’, பெற்றுக்கொண்டதற்கு நன்றி சொல்வது. நமக்கு இரண்டும் ஒன்றாகக் காதில் விழுவதால், ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அடுக்கிக்கொண்டே போனால் பிலிப்பியர் வசனத்துக்குக் கீழ்ப்படிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ஆயிரம் சொல்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை, என் மனைவியும் சொல்வாள். ஆனால் செந்தூல் தம்பி தாளின் பின்பக்கத்தில் எழுதியது வேறு காரியம். குழம்பு, வாடகை, காய்ச்சல் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். பயந்த மனம் பிடித்துக்கொள்ள அதில் ஏதோ இருக்கிறது.

கெப்போங் சகோதரரே, எபேசியர் 5:20 எனக்கும் கடினமான வசனம், சுலபமாகத் தாண்ட மாட்டேன். ஆனால் அதே நிருபம் 6-ம் அதிகாரத்தில் பவுல், நான் தைரியமாய்ப் பேசும்படி எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்கிறார். தைரியம் குறையும் என்று தெரிந்தவர்தான் அதைக் கேட்பார். பிலிப்பியருக்கு எழுதியதிலும் பாருங்கள், அவருடைய உடன் ஊழியர் எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்தபோது அந்த வியாதிக்காக நன்றி சொன்னதாக ஒரு வரி இல்லை. ‘துக்கத்தின்மேல் துக்கம்’ வராமல் தேவன் இரங்கினார் என்றுதான் எழுதுகிறார்.

அப்புறம், கெத்செமனே. சிஸ்டர் கேட்ட கேள்விக்குப் பதில் அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே இருக்கிறது. மாற்கு 14:23, கடைசி இராப்போஜனத்தில் இயேசு பாத்திரத்தை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணினார். 26-ல் பாட்டுப் பாடினார்கள். 33-ல் திகில். எல்லாம் ஒரே ராத்திரி. நன்றி சொன்ன அதே வாய்தான் சில மணி நேரத்தில், இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கெஞ்சியது. அவர் நன்றி பொய்யாகிவிட்டதா? பயம் பாவமாகிவிட்டதா? இதை யோசித்துக்கொண்டே எத்தனையோ நற்கருணை ஆராதனைகளில் அழுதிருக்கிறேன்.

கெப்போங் சகோதரர்
ஐயா சொன்ன 6-ம் அதிகாரத்தை நான் இந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. ஆனாலும் பயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டால் ஜனங்கள் அதிலேயே தங்கிவிடுவார்கள் என்ற கவலை எனக்கு இருக்கிறது. அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பட்டர்வொர்த் சிஸ்டர்
ஒரே ராத்திரி. இதை எனக்கு அந்த வாரமே யாராவது சொல்லியிருக்கலாம் ஐயா.

ஒன்று சொல்கிறேன், இதைத் தோற்றுப்போனதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டயாலிசிஸுக்கு என் வீட்டுக்காரர் கையில் ஊசி போடும்போது சில நாள் நரம்பு கிடைக்காது, இரண்டு மூன்று தடவை குத்துவார்கள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். முதல் தடவையே கிடைத்துவிட்டால் என்னை அறியாமல் ‘ஸ்தோத்திரம் ஆண்டவரே’ என்று வந்துவிடும். அதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, நானும் அதை எண்ணியதில்லை. அந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுக்க மட்டும் இன்னும் மனமில்லை.

சனிக்கிழமை காலை 6 மணிக்கு அவர் முறை. போன இரண்டு தடவையும் பாதியில் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. பயமாகத்தான் இருக்கிறது.

செந்தூல்காரன்
சனிக்கிழமை 6 மணிக்கு நானும் எழுந்திருப்பேன் அக்கா. ரத்த அழுத்தம் இறங்காமல் இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன். முடிந்ததும் எப்படி இருந்தது என்று ஒரு வரி போடுங்கள்.