பனிக்காலத்தில் யாரும் கவனிக்கவில்லை: மதம் மாறி ஹிஜாப் அணிந்தவர்களின் மலைப்பக்க அனுபவங்கள்

குன்னூரிலிருந்து:

ஆர்.சி. குடும்பம் எங்களுடையது. நான் கலிமா (இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி) சொன்ன சேதி தெரிந்ததும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "பையன் யாரு?" பையன் யாரும் இல்லை. குர்ஆனில் 19-ஆம் அத்தியாயத்துக்கு மர்யம் என்றே பெயர். நம்ம மாதாவைப் பற்றி என்னதான் சொல்லியிருக்கிறது என்று தமிழில் வாசிக்க ஆரம்பித்தவள் நான். சொன்னால் யார் நம்புகிறார்கள்?

தலையை மூட ஆரம்பித்தது டிசம்பரில். அப்போது இங்கே மஃப்ளர், குல்லா, சால்வை என்று எல்லாத் தலையும் மூடித்தான் இருக்கும். படுகர் வீட்டுப் பாட்டிமாரும் தேயிலை பறிக்கிற அக்காமாரும் எப்போதும் தலையில் துணியோடுதான். அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. மே மாத சீசனில் ஊரே ஸ்வெட்டரைக் கழற்றிய பிறகும் என் தலைத்துணி இறங்கவில்லை, அப்போதுதான் பேச்சு கிளம்பியது.

அம்மாவிடம், "மாதாவே முக்காடு போட்டிருக்காங்க, நீயும் பூசையில சேலைத் தலைப்பைப் போட்டுக்கறியே" என்று வாதாடிப் பார்த்தேன். "நான் கோவிலை விட்டு வெளியே வந்ததும் எடுத்துடுவேன். நீ கோவிலையே விட்டுட்டியே" என்றார். அவருக்குத் துணி பிரச்சினையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் பக்கத்து இடம் காலி, அதுதான். கல்லறைத் திருநாளுக்கு மட்டும் கூடப் போகிறேன். பாட்டி கல்லறையில் புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்துக் கொடுத்துவிட்டு, சாமியார் மந்திரிக்க வரும்போது கேட்டுக்கு வெளியே வந்துவிடுவேன். அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

புதிதாகப் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: ஐப்பசி மழையில் காட்டன் காயவே காயாது. ஜார்ஜெட் சீக்கிரம் காயும், ஆனால் வழுக்கும். உள்ளே பனியன் துணித் தொப்பி போட்டு, காதுப் பக்கம் பின் குத்தினால் நிற்கும்.

கூடலூரிலிருந்து:

எனக்குப் பையன் உண்டு! ஆனால் கல்யாணம் 1954-ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில். அதற்கு யாரும் மதம் மாறத் தேவையில்லை. நான் மாறியது அப்புறம், என் இஷ்டத்தில். அவர்களுடையது மலையாளம் பேசும் மாப்பிளா முஸ்லிம் குடும்பம். மாமியார் தட்டம் என்கிற தலைத்துணியைச் சும்மா தலையில் போட்டுக்கொண்டு முன்முடி தெரிய நடமாடுவார். நான் இறுக்கிப் பின் குத்தியதைப் பார்த்து, "இத்ர வேணோ மோளே?" (இவ்வளவு வேணுமா மகளே?) என்றார். புதிதாக வந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருப்போம் போலிருக்கிறது.

மாறி வந்த பிற்படுத்தப்பட்டவர்களையும் பி.சி. (பிற்படுத்தப்பட்ட வகுப்பு) முஸ்லிமாகக் கருத 2024 மார்ச்சில் அரசாணை வந்தது. அதை நம்பிச் சான்றிதழுக்குப் போனால், "லெப்பையா, மாப்பிளாவா, பட்டியல்ல இருக்கிற பிரிவுல எதும்மா?" என்று அலையவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் தொல்லை இல்லை. முகம் முழுசாகத் தெரிந்தால் ஹிஜாபோடு போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

கொடைக்கானலிலிருந்து:

மாறியது நானில்லை, என் தங்கச்சி. நாங்கள் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர்கள். ஒரு வருஷம் பேசாமல்கூட இருந்தேன். அப்புறம் அவளே நோன்புக் கஞ்சித் தூக்கோடு வந்து நின்றாள், என்ன செய்ய? இப்போது கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழங்களை ரம்மில் ஊறப்போடுவதில்லை, ஆரஞ்சுச் சாறுதான். அவள் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். என் வீட்டுக்காரர்தான் வாசனையே இல்லை என்று இன்னும் புலம்புகிறார்.